பால் ஒரு அடுக்கு, மாம்பழம் ஒரு அடுக்கு

கிறிஸ்துமஸ் அன்று மாலை ஆறே காலுக்கு, மொட்டை மாடியில், மாம்பழப் புட்டிங் ட்ரேயின் ஓரத்தில் கத்தியை விட்டு முதல் துண்டைத் தூக்கினேன். கீழே வெள்ளை, மேலே மஞ்சள். இரண்டும் ஒட்டியே வந்தன. பக்கத்தில் நின்ற அண்ணி என் தோளை அழுத்திப் பிடித்தார். நான்கு ஞாயிறுகளாக அடுப்படியில் நடந்ததை எல்லாம் கூட இருந்து பார்த்தவர் அவர்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழைய பேட்டையில். எலத்தகிரியிலிருந்து அத்தை குடும்பம், ஓசூரிலிருந்து சித்தப்பா குடும்பம், பெங்களூரிலிருந்து அக்கா, அத்தான், பிள்ளைகள் என்று கிறிஸ்துமஸுக்கு 22 பேர் சேருவோம். இத்தனை வருடமும் ஒரே மாதிரிதான். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து மூன்று மணி நேரம் தூக்கம். விடிந்ததும் அம்மா பிரியாணி அண்டா முன்னால் நிற்பார். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் தூக்கம். போன வருடம் அத்தை கிளம்பும்போது அம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, "பஸ் கிடைக்குமா அண்ணி?" என்று கேட்டதோடு சரி. இருவரும் வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதனால் இந்த முறை மூன்று முடிவுகள் எடுத்தேன். விருந்து மாலையில். 25-ஆம் தேதி வீட்டுக்குள் அடுப்பு எரிவது காபிக்கு மட்டும். சமைப்பது டிசம்பரில் நம் சந்தையில் கிடைப்பதை வைத்து. "பிரியாணி இல்லாம கிறிஸ்துமஸா?" என்று அம்மா இரண்டு நாள் கேட்டார். கோழி உண்டு என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

சந்தையில் டிசம்பரில் இங்கே என்ன இருக்கும் என்றால், முதலில் அவரை. பனி விழ ஆரம்பித்தால் அவரைக்காய் குவியும். கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்பு இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் மணக்கும் மாதம் இது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி, ஓசூர்ப் பக்கத்துக் குடைமிளகாய், கொய்யா, மாதுளை, புது ராகி. இல்லாதது ஒன்றே ஒன்று, மாம்பழம். மாங்கனிக் கண்காட்சி நடக்கும் ஊரில் மாம்பழம் இல்லாமல் விருந்தா என்று எனக்குத் தோன்றியது. சுற்றுவட்டாரத்து ஆலைகள் மே, ஜூன், ஜூலையில் பிழிந்து டின்னில் அடைக்கும் கூழ் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. அதைப் பாலோடு சேர்த்து சைனா கிராஸ் புட்டிங் போடலாம் என்று முடிவு செய்தேன். சைனா கிராஸ் என்பது பாலை ஜெல்லி போல இறுகவைக்கும் கடற்பாசிதான். ஜெலட்டின் போல விலங்கிலிருந்து எடுப்பதல்ல. அத்தான் வீட்டில் சைவம் சாப்பிடும் இருவருக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். குளிர்பெட்டி இல்லாவிட்டாலும் அறைச் சூட்டிலேயே கட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு வசதி.

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளையும் இதற்கு ஒதுக்கினேன். கோவிலில் ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்து நான் ஒரு ட்ரே போடுவேன்.

முதல் ஞாயிறு. அரை லிட்டர் பால், 10 கிராம் சைனா கிராஸ், பெங்களூரா மாம்பழக் கூழ் 400 கிராம், சர்க்கரை 80 கிராம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். கொதி வரும் முன்பே பால் திரிந்துவிட்டது. கிளிமூக்கு என்றும் சொல்லும் இந்தப் பெங்களூரா மாம்பழத்தில் புளிப்பு உண்டு. எலுமிச்சை பிழிந்து பால் திரிப்பதும் இதுவும் ஒன்றுதான். அம்மா அதை வீணாக்கவில்லை. வாணலியில் மாற்றி, ஒரு கரண்டி நெய் விட்டு, 40 நிமிடம் கிளறி மாம்பழத் திரட்டுப்பால் மாதிரி ஆக்கிவிட்டார். சைனா கிராஸ் இருந்ததால் ஆறியதும் அல்வா போல வெட்ட வந்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் நான் நினைத்தது அதுவல்ல.

இரண்டாம் ஞாயிறு. பாலையும் கூழையும் சூட்டில் சேர்க்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. சைனா கிராஸைக் கத்தரியால் ஒரு அங்குல நீளத்துக்கு நறுக்கி, 20 நிமிடம் ஊறவைத்து, 300 மில்லி தண்ணீரில் தனியாகக் காய்ச்சினேன். ஒரு இழைகூடக் கண்ணுக்குத் தெரியாமல் கரைய இளந்தீயில் 8 நிமிடம் ஆனது. சூடான பாலில் வடிகட்டி ஊற்றினேன். சூடு கொஞ்சம் தணிந்ததும் கூழைச் சேர்த்தேன். அந்தக் கூழ் நேராகக் குளிர்பெட்டியிலிருந்து வந்தது. கரண்டி போட்டுக் கிளறும்போதே நூல் நூலாக, கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. சைனா கிராஸ் சுமார் 35 முதல் 40 டிகிரிக்குள் இறுகிவிடும். ஆனால் ஒருமுறை இறுகியதை மறுபடி உருக்க 85 டிகிரியாவது வேண்டும். அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பால் திரியும். ஆகவே மீட்க வழியில்லை. பிள்ளைகள் தம்ளரில் போட்டு ஸ்பூனால் தின்றார்கள்.

அன்று இரவு அண்ணி கேட்டதுதான் திருப்பம்: "ரெண்டையும் ஏன் கலக்கணும்? பால் தனியா, மாம்பழம் தனியா ஊத்தினா என்ன?" கலக்காவிட்டால் திரியும் பிரச்சினையே இல்லை. வெட்டினால் இரண்டு நிறமும் தெரியும். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு. பால் அடுக்கைச் சனி இரவே ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பூசை முடிந்து வந்து மாம்பழ அடுக்கை மேலே ஊற்றினேன். மேலிருந்து பார்க்க அழகு. வெட்டித் தூக்கினால் மஞ்சள் தனியே வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. வெள்ளை ட்ரேயிலேயே நின்றது. ஒன்றல்ல, 24 துண்டும் அப்படித்தான். பால் அடுக்கு இரவு முழுக்க இறுகி, மேலே மெல்லிய நீர் கசிந்து நின்றிருந்தது. ஈரத் தரையில் பாய் விரித்த மாதிரி, இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. இன்னொரு குறையும் இருந்தது. 800 மில்லிக்கு 10 கிராம் போட்டதால் ரப்பர் மாதிரிக் கடிக்க வேண்டியிருந்தது.

நான்காம் ஞாயிறு, 21-ஆம் தேதி. இந்த முறை அண்ணனின் தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டேன். தயிர் உறை ஊற்றுவதற்காக அவர் 250 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த கம்பி மாதிரியான ஒன்று. பால் அடுக்கை ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்தேன். 25 நிமிடத்தில் மேற்பரப்பு ஆடாமல் நின்றது, ஆனால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த நேரம்தான் நேரம். மாம்பழக் கலவை அப்போது 50 டிகிரியில் இருந்தது. நேராக ஊற்றினால் பால் அடுக்கில் பள்ளம் விழும் என்பதால் குழிக்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றினேன். மூன்று மணி நேரம் கழித்து வெட்டினோம். ஒட்டியிருந்தது. ஓரத்தில் மட்டும் இரண்டு துண்டு விலகியது.

24-ஆம் தேதி ஒவ்வொரு ட்ரேக்கும் போட்ட அளவு இது. ட்ரே 12-க்கு 9 அங்குலம், ஆழம் 2 அங்குலம், சாதாரண அலுமினியம்.

பால் அடுக்குக்குச் சைனா கிராஸ் 8 கிராம், தண்ணீர் 250 மில்லி, பால் 750 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் அரை டின் அதாவது 200 கிராம், ஏலக்காய் இரண்டு. மாம்பழ அடுக்குக்குச் சைனா கிராஸ் 10 கிராம், தண்ணீர் 300 மில்லி, கூழ் 850 கிராம், சர்க்கரை 50 கிராம். மாம்பழத்துக்கு 2 கிராம் கூடுதல், ஏனென்றால் புளிப்பு சைனா கிராஸின் பிடிப்பைக் குறைக்கிறது. அதே காரணத்தால் கூழோடு சேர்த்து அதைக் கொதிக்கவிடவும் கூடாது. தண்ணீரில் தனியாகக் காய்ச்சி, கூழை வேறு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். இந்த 8 கிராம், 10 கிராம் கணக்குக்கு எலக்ட்ரானிக் தராசு வேண்டும். கைப்பிடி அளவில் போட்டால் ஒரு நாள் கூழ், ஒரு நாள் ரப்பர்.

கூழ் வாங்கும்போது டின்னில் சர்க்கரை சேர்த்ததா, சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அல்போன்சா கூழ் கெட்டி, நிறமும் மணமும் அதிகம், விலையும் அதிகம். பெங்களூரா மெல்லியது, புளிப்பு முன்னால் நிற்கும். நான் இரண்டிலும் ஒவ்வொரு டின் வாங்கிக் கலந்து இரண்டு ட்ரேக்கும் பங்கிட்டேன். அல்போன்சா மட்டும் போட்டால் பால் அடுக்கின் இனிப்போடு சேர்ந்து திகட்டிவிடும். என் நாக்குக்கு அந்தக் கொஞ்சம் புளிப்பு தேவை. திறந்த டின்னில் மிச்சத்தை அப்படியே வைக்காமல் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்து பிதுக்குப் பருப்பு. குழம்பாக இல்லாமல், குளிர்ந்த சாலட்டாக. 23-ஆம் தேதி 3 கிலோ அவரைக்காய் வாங்கினேன். உரித்ததில் கொட்டை 1 கிலோ 100 கிராம் வந்தது. இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்ததை 24-ஆம் தேதி காலை அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் உட்கார்ந்து பிதுக்கினோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் பருப்பு துள்ளி வெளியே வரும். ஒரு மணி இருபது நிமிட வேலை. அலுப்பாகத் தெரியவில்லை, பேசிக்கொண்டே முடிந்துவிட்டது.

இதிலும் ஒரு தவறு முன்பே நடந்தது. இரண்டாம் ஞாயிறு கால் கிலோவை குக்கரில் இரண்டு விசில் விட்டதில் குழைந்துவிட்டது. அன்று அது குழம்புக்குப் போனது. பிதுக்கிய பருப்புக்கு குக்கர் வேண்டாம். திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதித்ததும் உப்பும் பருப்பும் போட்டு 12 நிமிடம். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தால் மாவாக உடைய வேண்டும், ஆனால் வடிவம் குலையக் கூடாது. உடனே வடித்துக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சாலட் என்பதற்காகப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ போட்டுவிடாதீர்கள். அவரைக்கொட்டை நன்றாக வெந்தே ஆக வேண்டும். பச்சையில் வயிற்றுக்கு ஆகாத நஞ்சு உண்டு.

பரிமாறும் முன் சேர்த்தவை: விதை எடுத்த வெள்ளரி 4, விதை எடுத்த தக்காளி 6, சிவப்புக் குடைமிளகாய் 2, மாதுளை முத்து ஒரு கிண்ணம், கொத்தமல்லி. மேலே எலுமிச்சைச் சாறு, கடலை எண்ணெய் இரண்டு கரண்டி, இடித்த மிளகு, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய். முன்பு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து உப்பும் போட்டு இரண்டு மணி நேரம் வைத்ததில் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி, மாதுளை வெளுத்துவிட்டது. ஆகவே காய்களை நறுக்கித் தனித்தனி டப்பாவில் வைத்து, உப்பும் எலுமிச்சையும் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும்.

ராகி கேக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் முழுக்க ராகி மாவில் செய்தேன். வாசனை அருமை, ஆனால் வெட்டினால் மண் கட்டி போல உதிர்ந்தது. ராகியில் மாவைப் பிடித்து வைக்கும் பசை இல்லை. இரண்டாவது முறை ராகி 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம் என்று மாற்றினேன். ராகி மாவை 200 கிராம் தயிரில் அரை மணி நேரம் ஊறவிட்டதில் நறநறப்பும் போனது. வெல்லத்தூள் 180 கிராம், எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய திராட்சையும் டூட்டி புரூட்டியும் 150 கிராம். வெயிட்டும் கேஸ்கட்டும் எடுத்த குக்கரில், அடியில் ஸ்டாண்டு வைத்து, 10 நிமிடம் சூடேற்றி, இளந்தீயில் 45 நிமிடம். ஒரு நாள் கழிந்தால்தான் சுவை கூடுகிறது. 23-ஆம் தேதியே இரண்டு கேக் செய்து வைத்துவிட்டேன்.

கோழி அண்ணன் பொறுப்பு. 4 கிலோ, தயிர், மிளகு, இஞ்சி பூண்டு, தனியா, எலுமிச்சை போட்டு 24-ஆம் தேதி இரவு பூசைக்குக் கிளம்பும் முன் பிசறிக் குளிர்பெட்டியில் வைத்தோம். மறுநாள் மாலை மொட்டை மாடியில் 16 செங்கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே பழைய ஜன்னல் கம்பி வலையை நன்றாகச் சுட்டுத் தேய்த்துப் போட்டு, மூன்று கிலோ அடுப்புக்கரியில் சுட்டார். பெயின்ட் அடித்த வலையாக இருந்தால் தொடவே வேண்டாம். எங்களுடையது வெறும் இரும்பு. சேர்த்துச் சாப்பிட பேக்கரி பன். கொய்யாவை நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தூவி ஒரு தாம்பாளத்தில் வைத்தோம். பிள்ளைகள் முதலில் காலி செய்தது அதைத்தான்.

இடம்தான் பெரிய சிக்கலாக இருந்தது. 24-ஆம் தேதி மாலை இரண்டு புட்டிங் ட்ரே, சாலட் டப்பாக்கள், கோழி எல்லாம் ஒரே குளிர்பெட்டியில் அடங்காது. ட்ரேக்கள் சமையலறை மேடையிலேயே கட்டிக்கொண்டன, ஆனால் பால் சேர்ந்த பண்டத்தை இரவு முழுக்க வெளியே விட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு அவர்கள் குளிர்பெட்டியில் ஒரு தட்டைக் காலி செய்து வாங்கிக்கொண்டேன். காலையில் அவர்களுக்கு அச்சுமுறுக்கும் கலகலாவும் கொண்டுபோனபோது, "உன் ட்ரேவை யாரும் தொடலடி" என்று சொல்லி அனுப்பினார்.

செலவு: புட்டிங் 890 ரூபாய், அதில் சைனா கிராஸ் நான்கு பாக்கெட் மட்டும் 240. பிதுக்குப் பருப்பு சாலட் 400. ராகி கேக் இரண்டும் 420. கோழி, மசாலா, கரி சேர்த்து 1,150. பன் 30 எண்ணம் 240. ஆக 3,100 ரூபாய், ஆளுக்கு 141. ஞாயிறு முயற்சிகளில் போன சுமார் 700 ரூபாயை இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில குறித்து வைத்திருக்கிறேன். பிதுக்குப் பருப்பு போதவில்லை, 4 கிலோ காய் வாங்க வேண்டும். மாம்பழ அடுக்கில் சர்க்கரை 50 கிராமிலிருந்து 30 ஆகக் குறைக்கலாம், டின்னிலேயே இனிப்பு இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள சித்தப்பா ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு இனிப்புச் சேர்க்காத தயிரில் மாதுளையும் கொய்யாவும் போட்டு ஒரு கிண்ணம் தனியாக வைத்திருக்கலாம். செங்கல் அடுப்பின் உயரம் எட்டு அங்குலமாக இருந்தது. கரிக்கும் வலைக்கும் இடைவெளி அதிகமாகி முதல் சுற்றுக் கோழிக்கு 50 நிமிடம் ஆனது. இரண்டு பக்கமும் மேல் அடுக்குச் செங்கல்லை எடுத்த பிறகு 35 நிமிடத்தில் வெந்தது.

ஏழு மணிக்கு மேல் பனி இறங்க ஆரம்பித்தது. அத்தையும் அம்மாவும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு கரி அடுப்புப் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டு எடுத்துக்கொண்டு போனபோது, 24-ஆம் தேதி பால் அடுக்கை எத்தனை நிமிடம் விட்டேன் என்று அத்தை கேட்டார். 25 நிமிடம் என்றேன். "நிமிஷத்த விடு, தொட்டா ஒட்டணும்னு சொல்லு" என்று அம்மா அத்தைக்குத் திருத்திச் சொன்னார். எலத்தகிரியில் பொங்கலுக்கு இதையே போடப் போகிறார்களாம். தெர்மாமீட்டர் அத்தையின் பையில் போய்விட்டது, அண்ணனுக்கு வேறு ஒன்று வாங்க வேண்டும்.